மரங்களுக்குப் பின்னால் வீடுகள்

கமீல் பிஸாரோவின் ‘சிவப்புக் கூரைகள்’ படத்தை முதன்முதலில் நான் பார்த்தது ஒரு மாதக் காலண்டரில். பிப்ரவரித் தாள். வெள்ளைச் சுவர்கள், செக்கச்செவேலென்று ஓட்டுக் கூரைகள், பின்னால் ஒரு குன்று. அழகான ஊர் என்று நினைத்துக்கொண்டேன். மார்ச் பிறந்ததும் தாளைக் கிழித்துப் போட்டேன். பல வருடங்கள் கழித்து பாரிஸில் அசல் படத்துக்கு முன்னால் நின்றபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. பக்கத்தில் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டைப் படித்த பிறகுதான் பொறி தட்டியது. அசலில் முதலில் கண்ணில் படுவது கூரை அல்ல, மரம். இலை உதிர்ந்த, கோணல்மாணலான பழமரங்கள் முன்பக்கம் முழுக்க நின்றுகொண்டு வீடுகளைச் சரியாகப் பார்க்க விடாமல் மறிக்கின்றன. காலண்டர் அச்சிட்டவர்கள் கட்டத்துக்குள் அடக்குவதற்காக அடிப்பாகத்தையும் இரண்டு ஓரங்களையும் வெட்டிவிட்டிருந்தார்கள். மிஞ்சிய நாலைந்து கிளைகளும் அச்சில் கறைபோல ஆகியிருந்தன. ‘வீடுதானே படம், இந்த மரமெல்லாம் எதற்கு’ என்று யாரோ நல்லெண்ணத்தில் செய்த காரியம்.

அவர்கள் வெட்டி எறிந்ததுதான் படம் என்பதை இந்த அத்தியாயத்தில் காட்டப் பார்க்கிறேன். இம்ப்ரெஷனிச ஓவியர்களின் கிராமக் காட்சிகள் எதைப் பார்த்தாலும் கைகொடுக்கக்கூடிய சில பழக்கங்களை, இந்த ஒரே படத்தை வைத்துச் சொல்கிறேன். பத்துப் படத்தைப் பத்து நிமிடத்தில் பார்ப்பதைவிட ஒரு படத்தை அரை மணி நேரம் பார்ப்பது மேல் என்பது என் கட்சி.

முதலில் ஒரு செய்தித்தாள்

படத்தின் நல்ல பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் தேடி எடுப்பது உத்தமம். கண்ட இடத்தில் கிடைக்கும் பிரதிகளில் சிவப்பைக் கூட்டிவிட்டிருப்பார்கள்; சிவப்பு என்று தலைப்பிலேயே இருக்கிறதே என்ற தைரியம். நாலு ஓரமும் முழுசாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன்.

அடுத்து, விரித்த தினசரித்தாள் ஒன்றில் 65 சென்டிமீட்டர் அகலம், 54 சென்டிமீட்டர் உயரம் அளந்து வெட்டி, கண்மட்டத்தில் சுவரில் ஒட்டுங்கள். அசல் படம் ஏறக்குறைய அவ்வளவுதான். செல்போன் திரையில் எல்லாப் படமும் உள்ளங்கை அளவு, புத்தகத்தில் எல்லாப் படமும் பக்கத்தின் அளவு. அளவு தெரியாமல் பார்க்கும்போது ஒரு தீற்றல் விரல் நகமா, உள்ளங்கையா என்று புரிவதில்லை. சுவரில் தாளைப் பார்த்தால் இரண்டு விஷயம் உடனே விளங்கும். ஒன்று, இது அரண்மனைச் சுவருக்கான படம் அல்ல; சாதாரண வீட்டுக் கூடத்தில் மாட்டுகிற படம். இன்னொன்று, இதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்கலாம். பிரான்ஸில் அந்தக் காலத்துச் சாமான் கடைகள் நிலையான எண்களில் கான்வாஸ் விற்றன. இது 15ஆம் எண். ஓவியர் அதைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போய் மடக்குச் சட்டத்தில் நிறுத்திக்கொள்ளலாம். வண்ணமும் சுலபமாகிவிட்டிருந்தது. ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் 1841இல் பிதுக்கிப் பயன்படுத்தும் தகரக் குழாய்க்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன் அரைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டிவைத்து, ஓட்டை போட்டுப் பிதுக்கிக்கொண்டிருந்தார்கள். வெளியில் கொண்டுபோனால் வெடிக்கும், காயும். பற்பசைக் குழாயைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பெரிய மனிதரின் நினைவு வரும்.

பெயரில் இருக்கும் மூன்று சொற்கள்

படத்தின் முழுப்பெயர் மூன்று துண்டுகளாக இருக்கிறது: சிவப்புக் கூரைகள், ஊரின் ஒரு மூலை, குளிர்காலத் தோற்றம். வருடம் 1877. ‘மூலை’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஊர் அல்ல, ஊரின் அழகான பகுதியும் அல்ல, ஒரு மூலை. கோயில் கோபுரம் இல்லை, பாலம் இல்லை, ஆறு இல்லை. பாரிஸுக்கு வடமேற்கே முப்பது கிலோமீட்டர் போல இருக்கும் பொந்துவாஸ் என்ற ஊரில் பிஸாரோ 1866 முதல் நடுவில் சில வருடங்கள் விட்டு 1882 வரை வாழ்ந்தார். அந்த ஊருக்கு வந்துபோகும் சுற்றுலாப் பயணி திரும்பிப் பார்க்காமல் கடந்து போகும் ஒரு சரிவு இது. அங்கேயே குடியிருப்பவருக்குத்தான் மூலை கண்ணில் படும்.

மூன்றாவது துண்டில் பிரெஞ்சுக்காரர்கள் வைக்கும் சொல்லுக்கு நேர்ப்பொருள் ‘விளைவு’. பனியின் விளைவு, காலையின் விளைவு, மூடுபனியின் விளைவு என்று அந்தக் கால ஓவியர்கள் சரளமாகப் பெயர் வைத்தார்கள். குளிர்காலம் என்ன செய்திருக்கிறது என்பதைப் பாருங்கள் என்று நம்மைத் திருப்பிவிடுகிற சொல் அது. இந்தப் படத்தில் குளிர்காலம் செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான், ஆனால் பெரிய காரியம்: இலைகளைக் கொட்டிவிட்டது. கோடையில் இதே இடத்தில் நின்றால் பச்சைச் சுவர். வீடு இருப்பதே தெரியாது. குளிர்காலத்தில் மரம் மறைக்கவும் செய்கிறது, காட்டவும் செய்கிறது. பனை ஓலைத் தட்டிக்குப் பின்னால் யாரோ நடமாடினால் எப்படித் தெரியுமோ அப்படி.

வீட்டுக்குப் போய்ச் சேர முடிகிறதா?

இப்போது ஒரு பயிற்சி. கண்ணாலேயே நடந்து, படத்தின் அடி ஓரத்திலிருந்து ஏதாவது ஒரு வீட்டு வாசலுக்குப் போகப் பாருங்கள்.

வழக்கமான கிராமக் காட்சியில் இது சுலபம். ஓவியர் ஒரு பாதை போட்டுக் கொடுத்திருப்பார். பாதை வளைந்து போகும், ஓரத்தில் ஒரு வேலி, ஒரு மாட்டு வண்டி, கடைசியில் வீடு. பிஸாரோவே அப்படிப் பாதை போட்ட படங்கள் எக்கச்சக்கம் வரைந்திருக்கிறார். இதில் அப்படி ஒன்றும் இல்லை. காலை வைத்ததும் புதர், காய்ந்த புல், கிளறிய மண். நிமிர்ந்தால் மரத்தண்டு. அதைச் சுற்றிக்கொண்டு போனால் இன்னொரு தண்டு, அதன் கிளை வேறொன்றின் கிளையோடு பின்னிக்கொள்கிறது. ஒருவழியாகக் கிளைகளுக்கு இடையில் ஒரு வெள்ளைச் சுவர்த் துண்டைப் பிடித்தால், அது எந்தக் கூரைக்குச் சொந்தம் என்று கண்டுபிடிக்கத் தனியாக ஒரு நிமிடம் ஆகிறது. வீடுகளைத் தாண்டலாம் என்றால் பின்னால் குன்று எழும்பி நிற்கிறது. குன்றுக்கு மேல் கொஞ்சம் வானம்.

இந்த அலைச்சல்தான் படம். வீடுகளை அவர் முதலிலேயே தட்டில் வைத்து நீட்டியிருந்தால் நாமும் ‘அழகு’ என்று சொல்லிவிட்டுத் தாளைக் கிழித்திருப்போம். தேடவைப்பதால் ஒவ்வொரு சுவரும் நாமே கண்டுபிடித்த சுவர் ஆகிறது.

நம்மில் பலருக்கு ஓட்டு வீட்டைக் கண்டதும் பாட்டி ஊர் ஞாபகம் வந்துவிடும். வரட்டும், தப்பில்லை. ஆனால் ஞாபகம் ரொம்ப வேகமானது. படத்தைப் பாதி பார்ப்பதற்குள் நம்மைத் திண்ணையில் உட்காரவைத்துவிடும். மீதிப் படத்தை நாம் பார்ப்பதில்லை. மரத்தைச் சுற்றிக்கொண்டு நடக்கும் இந்தப் பயிற்சி அந்த வேகத்துக்கு நல்ல கடிவாளம்.

கிட்டே போவது, தள்ளிப் போவது

இம்ப்ரெஷனிச ஓவியம் என்றாலே ‘தள்ளி நின்று பார்க்க வேண்டும்’ என்று யாராவது சொல்வார்கள். அரை உண்மை. தள்ளி நின்று மட்டும் பார்த்தால் புகைப்படம் பார்த்த மாதிரி ஆகிவிடும். இரண்டரை மீட்டர் தூரத்தில் ஆரம்பியுங்கள், பிறகு மெதுவாக நெருங்குங்கள். எந்த அடியில் கூரை கூரையாக இருப்பதை நிறுத்தி வெறும் வண்ணச் சேறாக மாறுகிறதோ, அங்கே நில்லுங்கள். அரை அடி பின்னால் வையுங்கள், மறுபடி கூரை. அந்த அரை அடிக்குள் முன்னும் பின்னும் போய்வருவதில்தான் ருசி இருக்கிறது. கணினியில் பார்ப்பவர்கள் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் இதையே செய்யலாம்.

கிட்டே போனால் தெரிவது பூச்சின் கனம். ‘வெளியில் போய் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் கிறுக்கிவிட்டு வருவார்கள்’ என்று இந்த ஓவியர்களைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. 1877இன் பிஸாரோவிடம் அது செல்லாது. சின்னச்சின்னத் தீற்றல், அதன் மேல் இன்னொன்று, காய்ந்ததன் மேல் மறுபடி என்று அடுக்கியிருக்கிறார். சில இடங்களில் பரப்பு காரை பூசிய சுவர்போலச் சொரசொரக்கிறது. புதரும் புல்லும் இருக்கும் முன்பக்கத்தை ஒரு சாண் அளவுக்குத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். அங்கே இலை என்று ஒன்றும் இல்லை, புல் என்று ஒன்றும் இல்லை. பச்சை, பழுப்பு, செங்கல் நிறம், மங்கிய மஞ்சள் எல்லாம் குறுக்கும் நெடுக்குமாக முட்டிக்கொள்கின்றன. தூரத்துக் கூரையின் சிவப்பு இங்கே காலடியிலும் சிந்திக் கிடப்பதை அப்போதுதான் கவனிப்பீர்கள். முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் அந்தச் சிந்தல்தான் தைத்துவைத்திருக்கிறது.

பிஸாரோவும் நண்பர்களும் 1874இல் பாரிஸில் நடத்திய முதல் கண்காட்சியைப் பற்றி லூயி லெருவா என்ற பத்திரிகைக்காரர் ஒரு கிண்டல் கட்டுரை எழுதினார். இந்தக் கூட்டத்துக்கு இம்ப்ரெஷனிஸ்ட்டுகள் என்ற பெயர் நிலைத்ததற்கு அந்தக் கட்டுரையும் ஒரு காரணம். அதில் ஒரு வயசான ஓவியரைக் கற்பனைப் பாத்திரமாக வைத்து, அவர் பிஸாரோவின் உறைபனி வயல் படத்துக்கு முன்னால் நின்று தன் மூக்குக் கண்ணாடியில்தான் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துக்கொள்வதாக எழுதியிருந்தார். அழுக்குக் கான்வாஸில் வண்ணத்தட்டின் சுரண்டலைத் தேய்த்தது போலிருக்கிறது என்பது அவருடைய புகார். எனக்கு லெருவாவின் மேல் கோபம் இல்லை. பூச்சைப் பூச்சாகவே பார்த்த முதல் ஆட்களில் அவரும் ஒருவர். பார்த்தது சரி, அரை அடி பின்னால் வைக்கத்தான் அவருக்கு மனசில்லை.

தாளில் ஒரு ஓட்டை

நிறத்துக்கு வருவோம். வெள்ளைத் தாளில் பட்டாணி அளவுக்கு ஓட்டை போட்டு, பிரதியின் மேல் வைத்து, ஒரு கூரையின் சிவப்பு மட்டும் தெரியும்படி நகர்த்துங்கள். ஏமாந்து போவீர்கள். கொழுந்துவிட்டு எரிவதாக நினைத்த சிவப்பு, தனியாகப் பார்த்தால் சாதாரணச் செங்கல் நிறம். தாளை எடுத்ததும் மறுபடி எரியும். பக்கத்தில் இருக்கும் பச்சையும் நீலமும் சேர்ந்து அதை ஏற்றிவிடுகின்றன. ஒரு நிறம் பக்கத்து நிறத்தால் மாறித் தெரிவதைப் பற்றி ஷெவ்ரோல் என்ற வேதியியல் அறிஞர் 1839இலேயே பெரிய நூல் எழுதியிருந்தார். அவர் பாரிஸின் கோப்லான் நெசவாலையில் சாயப் பிரிவைக் கவனித்துக்கொண்டவர். சாயத்தில் கோளாறு என்று வந்த புகார்களை ஆராயப் போய், கோளாறு சாயத்தில் இல்லை, பக்கத்து நூலின் நிறத்தில் என்று கண்டவர். ஜவுளிக்கடையில் புடவைக்கு ரவிக்கைத் துணி பொருத்திப் பார்க்கிற யாருக்கும் இது புதிய செய்தி அல்ல.

கூரை எல்லாம் ஒரே சிவப்பா என்று ஓட்டையை நகர்த்திப் பாருங்கள். ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தது, ரோஜா கலந்தது, காவி ஏறியது என்று வெவ்வேறாக வரும். வெள்ளைச் சுவரும் வெள்ளை அல்ல. நிழல் விழுந்த இடங்களில் கறுப்பைத் தேடுங்கள். பெரும்பாலும் நீலமோ ஊதாவோ பழுப்போதான் அகப்படும். இந்த ஓவியர்கள் கறுப்பையே தொடவில்லை என்று சில புத்தகங்கள் சத்தியம் செய்கின்றன. அது மிகை. ஆனால் நிழல் என்பது வெளிச்சம் இல்லாத இருட்டு அல்ல, வேறு நிறத்து வெளிச்சம் என்பதில் அவர்களுக்கு உறுதி இருந்தது.

இன்னொன்றும் செய்து பாருங்கள். பிரதியைச் செல்போனில் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். வெள்ளைச் சுவர்கள் தப்பித்துக்கொள்ளும். கூரை, குன்று, புதர் மூன்றும் ஒன்றோடொன்று குழைந்து போகும். பழைய முறை ஓவியங்களை இப்படி மாற்றினால் பெரிதாக ஒன்றும் கெடாது, ஏனென்றால் அவற்றின் எலும்புக்கூடு இருளும் ஒளியும். இங்கே எலும்புக்கூடே நிறம்.

பக்கத்தில் செஸானை நிறுத்துங்கள்

ஒரு படத்தைத் தனியாகப் பார்த்துக் களைத்துவிட்டால் பக்கத்தில் இன்னொன்றை வைப்பது நல்ல உபாயம். செஸானின் ‘தூக்கிலிடப்பட்டவனின் வீடு’ இதற்கென்றே செய்தது போலப் பொருந்தும். வரைந்தது 1873இல், பொந்துவாஸுக்கு அடுத்த ஓவேர் கிராமத்தில். கான்வாஸும் கிட்டத்தட்ட இதே அளவு. அதிலும் கிராமத்து வீடுகள், இலையற்ற மரம், தூரத்தில் மேடு. ஆள் யாரும் இல்லை.

செஸான் பிஸாரோவைவிட ஒன்பது வயது இளையவர். 1872 முதல் இரண்டு வருடங்கள் பொந்துவாஸிலும் ஓவேரிலுமாகத் தங்கி அவருடன் வேலை செய்தார். வந்த புதிதில், பிஸாரோ 1871இல் வரைந்த லூவெசியென் கிராமக் காட்சி ஒன்றைக் கேட்டு வாங்கிப்போய் அப்படியே பார்த்துப் படி எடுத்தார். முப்பது வயது தாண்டிய ஓவியர், பள்ளிக்கூடப் பையன் மாதிரி. கத்துக்கொள்ள வேறு குறுக்கு வழி கிடையாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டு படத்தையும் சேர்த்து வைத்தால் வேறுபாடு தானே பேசும். செஸானிடம் பாதை உண்டு, ஆனால் அது சட்டென்று கீழே இறங்கி வீடுகளுக்கு நடுவே சிக்கிக்கொள்கிறது. அவருக்குச் சுவர் என்பது கனமான பொருள். கல்லையும் காரையையும் வண்ணத்தால் கட்டியிருக்கிறார். பிஸாரோவுக்குச் சுவர் கிளைகளுக்கு நடுவே கிடைக்கும் ஒரு வெளிச்சத் துண்டு. செஸானின் வீட்டில் முட்டிக்கொண்டால் நெற்றி வீங்கும். பிஸாரோவின் வீட்டுக்கோ நாம் போய்ச் சேரவே மாட்டோம். இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்டால், நான் வருடத்துக்கு ஒரு பதில் சொல்கிறேன்.

நேரில் போகிறவர்களுக்கு

இரண்டு படங்களும் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளன. 1900இல் கட்டிய ரயில் நிலையம் அது. 1986 டிசம்பரில் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். இம்ப்ரெஷனிசக் கூடங்கள் ஐந்தாம் தளத்தில். திங்கட்கிழமை விடுமுறை, வியாழக்கிழமை இரவு வரை திறந்திருக்கும். வியாழன் சாயங்காலம் போங்கள், கூட்டம் கொஞ்சம் குறையும். படங்களை மற்ற ஊர்க் கண்காட்சிகளுக்கு அனுப்புவது உண்டு. கிளம்புவதற்கு முன் இணையதளத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். உணர்ச்சிவசப்பட்டு மூக்கை ரொம்பக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். நான் போனபோது காவலர் வந்து தோளைத் தொட்டார். மரியாதையாகத்தான், ஆனால் கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

‘சிவப்புக் கூரைகள்’ அங்கே வந்த கதையும் சுருக்கமாக. கய்போத் என்ற பணக்கார ஓவியர் நண்பர்களின் படங்களை வாங்கிச் சேர்த்து, அரசுக்கு உயில் எழுதிவிட்டு 1894இல் இறந்தார். அரசு இரண்டு வருடம் இழுத்தடித்து, அதில் இருந்த 18 பிஸாரோக்களில் ஏழை மட்டும் எடுத்துக்கொண்டது. இது அந்த ஏழில் ஒன்று. மீதிப் பதினொன்றை வேண்டாம் என்று சொன்ன அதிகாரிகளும் காலண்டர் அச்சிட்டவர்களும் தூரத்து உறவாக இருக்கலாம். அதே உயிலில் வந்த இன்னொரு பிஸாரோ, அதே 1877இல் அதே ஊரில் வரைந்த வசந்தகாலக் காய்கறித் தோட்டம். மரமெல்லாம் வெள்ளைப் பூ. கூடத்தில் இருந்தால் இரண்டையும் மாறிமாறிப் பாருங்கள். குளிர்காலக் கிளைகள் விட்டுவைத்த இடைவெளிகளைப் பூக்கள் வந்து எப்படி அடைக்கின்றன என்று தெரியும்.

லண்டன் போகிறவர்கள் நேஷனல் கேலரியில் இதன் அண்ணனைத் தேடுங்கள். ‘கோத் தே பெஃப்’ என்று பெயர், அதுவும் 1877, அதே பொந்துவாஸ் சரிவு. ஆனால் பெரியது, ஒரு மீட்டருக்கு மேல் உயரம். நெட்டு நெட்டாக நிற்கும் ஒல்லி மரங்கள், பின்னால் வீடுகள், பூச்சு இன்னும் அடர்த்தி. ரொம்ப நேரம் நான் அதில் வீடுகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். இடப்பக்கம், மரங்களுக்கு நடுவே ஓடும் பாதையில் ஏதோ ஒரு நிறம் மட்டும் ஒட்டாமல் இருந்தது. புதர் என்று நினைத்து விட்டுவிட்டேன். கிளம்பும்போது இன்னொரு தடவை பார்த்தேன். இரண்டு பேர். தண்டுகளுக்கு இடையில் நின்றுகொண்டு, நாம் இருக்கும் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.